வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் ஏன் நான்கு மடங்காகிறது?

நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும், சூத்திரம் அவ்வளவுதான். வர்க்கம் எப்படி உள்ளே வந்தது என்பதுதான் கேள்வியே.

பைக்கில் மணிக்கு 36 கி.மீ.க்குப் பதில் 72-ல் போகிறீர்கள், பிரேக் விசை அதேதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்க இரண்டு மடங்கு நேரம் ஆகும். அந்த நேரத்தில் சராசரி வேகமும் இரண்டு மடங்கு. ஆக, வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்கு. விசையைத் தூரத்தால் பெருக்கினால் வேலை. பிரேக் செய்த அந்த வேலைதான் வண்டியிடம் இருந்த இயக்க ஆற்றல்.

சரி, கணக்கு. ஆளோடு வண்டி 200 கிலோ. 36-ஐ 3.6-ஆல் வகுத்தால் நொடிக்கு 10 மீட்டர் (இதை மறந்துதான் பலர் மார்க்கை விடுகிறார்கள்). ½ × 200 × 10 × 10 = 10,000 ஜூல். 72-க்கு 40,000. அதில் பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிவிடும். டிஸ்க் அப்படிச் சுடுவது அதனால்தான்.