என்லார்ஜர் லென்ஸை மேக்ரோ படங்களுக்கு ஏன் திருப்பிப் பொருத்த வேண்டும்?

இருட்டறையில் பயன்பட்ட 50 மி.மீ. என்லார்ஜர் லென்ஸை அதிநெருக்கப் படங்களுக்குத் திருப்பிப் பொருத்தச் சொல்வது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். சிறிய நெகட்டிவைப் பெரிய தாளில் விழச்செய்வதற்காகவே இது வடிவமைக்கப்பட்டதால், பொருளை அதன் உண்மை அளவைவிடப் பெரிதாக எடுக்கும்போது, நெகட்டிவை நோக்கியிருந்த திருகுப்புறம் பொருளை நோக்கி இருக்க வேண்டும். குவியத்தை மாற்றும் வளையம் இதில் இல்லை. ஆகவே லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே நீட்டிச் சுருக்கக்கூடிய துருத்தி போன்ற பெல்லோஸ் தேவை. 3 மடங்கு உருப்பெருக்கத்துக்கு லென்ஸுக்கும் சென்சாருக்கும் இடையே ஏறத்தாழ 200 மி.மீ. தூரம் வேண்டும்; அப்போது எஃப்/4 என்று வைத்த துளை நடைமுறையில் எஃப்/16 (எண் கூடினால் துளை சிறிது) ஆகிவிடுவதால், மேலும் சுருக்கினால் ஒளியின் விளிம்பு விளைவு (சிறு துளையில் ஒளி வளைந்து பரவுவது) நுண்விவரங்களை மழுக்கிவிடும். தெளிவின் ஆழம், அதாவது முன்பின்னாகக் கூர்மையாகத் தெரியும் பகுதி, போதவில்லையென்றால், துளையைத் தொடாமல், குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்களை எடுத்துக் கணினியில் அடுக்கிச் சேர்ப்பதையே பரிந்துரைப்பேன். காம்போனான்-எஸ் போன்ற சில லென்ஸ்களில் துளை எண்களை ஒளிரச்செய்யும் சிறு சாளரம் உண்டு. அதைக் கறுப்பு நாடாவால் மூடாவிட்டால், உட்புகும் ஒளி படத்தை வெளிறச்செய்யக்கூடும்.