‘நான் யார்?’ என்ற குழப்பம் நோயா?

பாம்பன் முதல் கீழக்கரை வரையிலிருந்து வந்த கேள்விகளுக்கு மனநல ஆலோசகரின் பதில்கள்.

அப்பாவோடு விசைப்படகில் போவதா, படித்த படிப்புக்கு வேலை தேடுவதா என்று இரண்டு வருடமாகக் குழம்புகிறேன். எனக்கு ஆளுமைக் கோளாறா? (மாணவர், 20, பாம்பன்)

இல்லை தம்பி. உளவியலாளர் எரிக் எரிக்சன் இதை ‘அடையாள நெருக்கடி’ என்றார். நோய் என்று சொல்லவில்லை. 1966-ல் இன்னொரு உளவியலாளரான ஜேம்ஸ் மார்சியா இதை இன்னும் பிரித்துப் பார்த்தார். தேடுகிறவர் ஒரு வகை, தேடாமலே பெற்றோர் காட்டிய வழியில் இறங்கிவிடுபவர் இன்னொரு வகை. நீங்கள் தேடுகிறீர்கள், தேடுங்கள். மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்களில் மட்டும் எந்த முடிவும் எடுக்காதீர்கள். படகு கரையில் நிற்கும்போது எல்லாமே பெரிதாகத் தெரியும்.

மகளுக்கு 19 வயது. எந்தத் தோழியோடு சேர்கிறாளோ அவளைப் போலவே பேச்சு, உடை எல்லாம். சண்டை வந்தால், ‘நான் ஒன்றுமே இல்லை’ என்று கையைக் கீறிக்கொள்கிறாள். (தாய், தங்கச்சிமடம்)

அம்மா, இது வேறு. என்னிடம் வந்த ஒரு பெண்ணிடம், “உன்னைப் பற்றிச் சொல்” என்றேன். துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே, “யாரோடு இருக்கும்போது?” என்று கேட்டாள். தன்னைப் பற்றிய சித்திரம் இப்படி ஆளுக்கு ஆள் கலைவது, எல்லைநிலை ஆளுமைக் கோளாறின் 9 அறிகுறிகளில் ஒன்று. வெறுமை, கைவிடப்படுவோமோ என்ற பயம், தன்னைக் காயப்படுத்திக்கொள்வது ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. குறைந்தது ஐந்து அறிகுறிகள் இருந்து, நெடுநாள் நீடித்தால்தான் மருத்துவர் அந்தப் பெயரைச் சொல்வார். நீங்களாகப் பெயர் வைக்காதீர்கள். ‘நடிக்கிறாள்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இந்த வாரமே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். இரவில் பயமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் பேசுங்கள், கட்டணம் இல்லை.

கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடுமா? (தந்தை, கீழக்கரை)

ஆகாது. வருகிற பிள்ளையும் சேர்ந்து தவிக்கும்.

தர்கா உள்ள ஏர்வாடியில் தங்கவைக்கச் சொல்கிறார்கள். (அண்ணன், தொண்டி)

வேண்டுதல் உங்கள் விருப்பம். மருத்துவத்தை அதற்காக நிறுத்தக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கிருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமே சொல்கிறது.

மாத்திரையில் குணமாகுமா? (பெயர் வேண்டாம் என்றவர்)

எல்லைநிலை ஆளுமைக் கோளாறுக்கென்றே தனி மாத்திரை கிடையாது. கூடவே வரும் மனச்சோர்வுக்குத் தருவார்கள். முதன்மையான சிகிச்சை பேச்சுதான். மாதக்கணக்கில் ஆகும், ஆனால் பெரும்பாலானோர் தேறிவிடுகிறார்கள். கொந்தளிக்கும் உணர்ச்சியைக் கையாளப் பழக்கும் சிகிச்சை முறையை உருவாக்கிய மார்ஷா லினெஹான், தாமே 17 வயதில் இதே தவிப்போடு மருத்துவமனையில் கிடந்தவர் என்பதை 2011-ல் வெளிப்படையாகச் சொன்னார்.