ஆஃப்செட் மெஷினில் தண்ணீர் குறைந்தால் பிளேட் மை பிடிக்கிறது, கூட்டினால் கலர் வெளுக்கிறது. எங்கிருந்து சரிபார்ப்பது?

நான்கு வண்ண ஷீட்ஃபெட் (தாள் தாளாக அச்சிடும் மெஷின்), ஆல்கஹால் கலந்த தண்ணீரால் பிளேட்டை நனைக்கும் டேம்பனிங். ஒரு யூனிட்டில், அதாவது ஒரு வண்ணத்தை அச்சிடும் பகுதியில் மட்டும், சில ஆயிரம் தாள் ஓடியதும் பிளேட்டில் படமில்லாத வெற்றிடத்தில் மை பிடிக்கிறது. தண்ணீரைக் கூட்டினால் சாலிட் (முழு மை விழும் பரப்பு) வெளுத்து, தாளும் காயத் தாமதமாகிறது. ஃபவுண்டன் கெமிக்கலை (டேம்பனிங் தண்ணீரில் கலப்பது) மாற்றியும் சரியாகவில்லை. நீங்கள் கேட்டது இதைத்தான்.

கெமிக்கலை மாற்றியது அவசரம். நான்கு யூனிட்டுக்கும் தண்ணீர் ஒரே டேங்கிலிருந்துதான் போகிறது. கோளாறு தண்ணீரில் இருந்தால் மற்ற மூன்றிலும் கொஞ்சமாவது தெரிந்திருக்கும். ஒரு யூனிட்டில் மட்டும் என்றால் அந்த யூனிட்டின் ரோலர், அதன் தண்ணீர்த் தட்டில் உள்ள தண்ணீரின் வெப்பநிலை, அதில் ஓடும் மை, அதில் மாட்டிய பிளேட் ஆகியவைதான் சந்தேகப் பட்டியல்.

பட்டியலில் முதலில் பிளேட்டை நீக்கிவிடலாம். அந்த பிளேட்டைக் கழற்றி நன்றாக ஓடும் வேறொரு யூனிட்டில் மாட்டி 200 தாள் ஓட்டுங்கள். கலர் மாறி அச்சாகும், அது பரவாயில்லை. கறை பிளேட்டோடு போனால் பிளேட்டில்தான் குறை: எக்ஸ்போஷர் போதவில்லை, டெவலப்பர் சோர்ந்திருக்கிறது, அல்லது கம் (வெற்றிடத்தைக் காக்கும் பசை) பூசாமல் காய்ந்து ஆக்ஸிடேஷன் ஏறியிருக்கிறது. ஆக்ஸிடேஷனைக் கண்ணாலேயே பிடிக்கலாம். சீரான மூட்டமாக வராது, ஊசி குத்தியது போலக் கூர்மையான சிறு புள்ளிகளாக வரும். கறை பழைய யூனிட்டிலேயே நின்றுவிட்டால் பிளேட் செய்பவரோடு சண்டை போட வேண்டியதில்லை.

அடுத்தது ஸ்பாஞ்ச் சோதனை. மெஷினை நிறுத்தி, கறையுள்ள இடத்தைச் சுத்தமான தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சால் துடையுங்கள். இலகுவாகப் போய், மறுபடி ஓட்டும்போது நிறையத் தாள்கள் சுத்தமாக வந்து, பிறகு மெல்லத் திரும்பினால் அந்த இடத்துக்குத் தண்ணீர் போதவில்லை. துடைத்தால் போகிறது, ஆனால் பத்து இருபது தாளுக்குள் வெற்றிடம் முழுவதும் லேசான மூட்டமாகத் திரும்புகிறது, தட்டில் உள்ள தண்ணீரும் கலர் ஏறியிருக்கிறது என்றால் அது டின்ட். மை தண்ணீரில் கரைந்து மிதக்கிறது என்று பொருள். இதற்குத் தண்ணீரைக் கூட்டுவது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதுதான். தண்ணீரால் துடைத்துப் போகவே இல்லை, பிளேட் கிளீனர் வேண்டியிருக்கிறது என்றால் பிளேட்டின் மேற்பரப்பே மைக்கு இணங்கிவிட்டது. அதற்குக் காரணம் தேய்மானம். ரோலரோ, பிளேட்டிலிருந்து மையை வாங்கித் தாளில் பதிக்கும் ரப்பர் பிளாங்கெட்டோ பிளேட்டை உரசுகிறது.

இந்த மூன்றையும் ‘ஸ்கம்’ என்று ஒரே பெயரில் அழைப்பதால்தான் பாதிக் குழப்பம். மருந்து மூன்றுக்கும் வேறு.

உங்கள் யூனிட்டில் முதல் வகை என்றே நினைக்கிறேன், காரணம் கீழே. தண்ணீருக்கு ஒரு கீழ் எல்லை, ஒரு மேல் எல்லை உண்டு. கீழே போனால் மை பிடிக்கும், மேலே போனால் கலர் வெளுக்கும், மை தண்ணீரைக் குடித்துத் தளரும். நன்றாக இருக்கும் யூனிட்டில் இந்த இரண்டுக்கும் நடுவே தாராளமாக இடம் இருக்கும். உங்களுக்கு அந்த இடம் மூடிவிட்டது. மூடியதற்குப் பெரும்பாலும் காரணம், தண்ணீர் அகலவாக்கில் சமமாகப் போகாததுதான். ஒரு ஓரம் வறண்டு கிடக்கிறது. அந்த ஓரத்துக்காக நீங்கள் கூட்டும் தண்ணீரில் மற்ற இடமெல்லாம் முழுகுகிறது. தண்ணீரைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் காட்டும் எண் சராசரி மட்டுமே. அதைத் திருகி இதைத் தீர்க்க முடியாது.

இதை உறுதிசெய்ய வறட்சிச் சோதனை ஒன்று போதும். மெஷின் அரை மணி நேரமாவது ஓடிச் சூடேறியிருக்கட்டும். மையை வழக்கமான அளவில் வைத்து, வழக்கமான வேகத்தில் ஓட்டிக்கொண்டே தண்ணீரை 2 புள்ளி குறையுங்கள். 30 தாள் போகட்டும், ஒரு தாளை எடுத்துப் பாருங்கள். மறுபடி 2 புள்ளி. இப்படியே மை பிடிக்கத் தொடங்கும் வரை இறங்குங்கள். எந்த எண்ணில் பிடித்தது என்பதைவிட, முதலில் எந்த இடத்தில் பிடித்தது என்பதே முக்கியம். தாளின் முழு அகலத்திலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிடித்தால் ரோலர் செட்டிங் சரி. அந்த எண்ணுக்கு மேல் 3 அல்லது 4 புள்ளி வைத்து ஓட்டினால் போதும். ஆபரேட்டர் பக்கமோ டிரைவ் பக்கமோ ஒன்று முந்தினால், தண்ணீரின் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் ரோலரின் இரு முனை அழுத்தமும் சமமாக இல்லை, அல்லது பிளேட்டுக்குத் தண்ணீர் தடவும் டேம்பனிங் ஃபார்ம் ரோலர் அதில் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அழுத்தம் கூடிய முனையில் தண்ணீர்ப் படலம் மெலிந்து, அந்தப் பக்கம்தான் முதலில் வறளும்.

இரு ஓரமும் வறண்டு நடு ஈரமாக இருந்தால், அல்லது நேர்மாறாக இருந்தால், மீட்டரிங் ரோலரின் ஸ்கியூவைப் பாருங்கள். இரு முனையிலும் அழுத்தும்போது ரோலர் நடுவில் இலேசாக வளைந்து விலகும், அங்கே தண்ணீர் அதிகம் கசியும். அதைச் சமன்செய்யவே அந்த ரோலரைப் பக்கத்து ரோலருக்குக் குறுக்காகச் சற்றுத் திருப்பி வைக்கிறார்கள். திருப்பத் திருப்ப நடு நெருங்கும், முனைகள் விலகும். ஆகவே நடு ஈரம் என்றால் ஸ்கியூவைக் கூட்ட வேண்டும், நடு வறட்சி என்றால் குறைக்க வேண்டும். முனை அழுத்தத்தைச் சமன்செய்த பிறகே ஸ்கியூவைத் தொடுங்கள். வரிசை மாறினால் எதைத் திருத்தினோம் என்பதே தெரியாமல் போகும்.

இனி ஸ்ட்ரைப், அதாவது ரோலரின் அழுத்தத்தைக் காட்டும் பட்டை பார்ப்பது. ரோலர்கள் சூடாக இருக்க வேண்டும், குளிர்ந்த ரப்பரில் எடுத்த அளவு ஓட்டத்தில் பொய்யாகிவிடும். காய்ந்த, கம் பூசிய பிளேட்டின் மேல், மை ஏறிய டேம்பனிங் ஃபார்ம் ரோலரைச் சில நொடி இறக்கித் தூக்குங்கள். பிளேட்டில் விழும் பட்டையின் அகலம் நடுத்தர அளவு மெஷின்களில் சுமார் 4 மில்லிமீட்டர் இருக்கும். சரியான எண் உங்கள் மெஷின் கையேட்டில் இருக்கும், அதுவே வேதம். இரு முனையிலும் நடுவிலும் ஒரே அகலம் வர வேண்டும். முனைகளில் தடித்து நடுவில் மெலிந்தால் ரப்பர் ஓரங்களில் உப்பியிருக்கிறது. அந்த ரோலரை எந்தத் திருகாணியும் காப்பாற்றாது. செட் செய்யும்போது முதலில் ஃபார்ம் ரோலரை ஆஸிலேட்டருக்கு (பக்கவாட்டில் அசையும் ரோலர்), பிறகு பிளேட்டுக்கு. மாற்றிச் செய்தால் இரண்டாவது வேலை முதல் வேலையைக் கெடுக்கும். மோல்டன் துணி போட்ட பழைய வகை என்றால் ஸ்ட்ரைப் தெரியாது. சுமார் 0.1 மில்லிமீட்டர் தடிமன் உள்ள மூன்று காகிதத் துண்டுகளை இரு முனையிலும் நடுவிலும் நுழைத்து, ரோலரை இறக்கி, இழுவை மூன்றிலும் ஒன்றுபோல இருக்கிறதா என்று கையால் பார்க்க வேண்டும்.

ரப்பரின் கடினத்தை ஷோர் மீட்டரால் மூன்று இடங்களில் அளந்து வையுங்கள். டேம்பனிங் ஃபார்ம் ரோலர் புதிதில் பொதுவாக 22 முதல் 28 ஷோர் ஏ வரை இருக்கும். புதிதில் இருந்ததைவிட 10 புள்ளி ஏறிவிட்டால் செட்டிங்கில் நேரம் போக்காமல் ரோலரை மாற்றிவிடுங்கள். ஏறும் முன்னாலேயே ரோலர் கண்ணாடி போல மினுங்கினால் அது கிளேஸ், கழுவினால் போகும்.

கிளேஸின் முதல் குற்றவாளி கால்சியம். காகிதப் பூச்சில் கால்சியம் கார்பனேட் உண்டு. அமிலத் தண்ணீர் அதைக் கரைத்து எடுத்துவருகிறது, ஃபவுண்டனில் உள்ள சிட்ரேட்டுடன் சேர்ந்து கரையாத உப்பாகி ரோலரில் படிகிறது. படிந்த இடத்தில் தண்ணீர் ஒட்டும், மை வழுக்கும். இங்க் ரோலரில் வெளிறிய வளையங்கள் தெரிந்தால் அதுவே அடையாளம். சாதாரண ரோலர் வாஷ் எண்ணெயைத்தான் எடுக்கும், இந்த உப்பைத் தொடாது. முதலில் வாஷ், பிறகு கால்சியம் ரிமூவர், பிறகு வெதுவெதுப்பான தண்ணீர், கடைசியில் மறுபடி வாஷ் என்ற வரிசையில், கோட்டட் காகிதம் அதிகம் ஓடும் மெஷினில் வாரம் ஒருமுறை செய்யலாம்.

தண்ணீர்ப் பக்கத்து குரோம் ரோலரையும் மறக்கவேண்டாம். சுத்தம் செய்து தண்ணீர் தெளித்தால் படலம் உடையாமல் விரிய வேண்டும். முத்து முத்தாகத் திரண்டால் அங்கே எண்ணெய் ஏறியிருக்கிறது. ரோலர் தயாரிப்பாளர் சொல்லும் குரோம் கிளீனரால் துடைத்து, கம் பூசி உலர்த்தி, கழுவிவிட்டு ஓட்டுங்கள். மெல்லிய வரி வரியாகத் தண்ணீர் குறைவது பல நேரம் இதனால்தான்.

அடுத்து வெப்பநிலை. தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லரின் திரை 10 டிகிரி காட்டலாம். அந்த யூனிட்டின் தட்டில் தெர்மாமீட்டரை வைத்தால் 16 காட்டலாம். அந்த யூனிட்டுக்குப் போகும் குழாயில் பாசி அடைத்து ஓட்டம் குறைந்தால் இப்படித்தான் ஆகும். ஒரு யூனிட் மட்டும் தவறும் கதைக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. தட்டுத் தண்ணீர் 8 முதல் 12 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சூடானால் ஆல்கஹால் ஆவியாகிறது, மையும் இளகுகிறது. சில ஆயிரம் தாளுக்குப் பிறகுதான் கோளாறு தொடங்குகிறது என்று நீங்கள் சொன்னதால், தட்டு, ஆஸிலேட்டர் ரோலர் இரண்டின் வெப்பத்தையும் தொடக்கத்திலும் கோளாறு வரும் நேரத்திலும் அளந்து பாருங்கள்.

டேங்க் தண்ணீருக்கு வருவோம். உங்கள் கோளாறு இதில் இல்லை என்றாலும் ஒருமுறை ஒழுங்காக அளந்துவிட்டால் பிறகு ஊகத்துக்கு வேலையில்லை. பி.எச் 4.8 முதல் 5.3 வரை இருக்கட்டும். 4-க்குக் கீழே இறங்கினால் மையில் உள்ள டிரையர் சரியாக வேலை செய்யாது, தாள் காயத் தாமதமாகும். 5.5-க்கு மேல் ஏறினால் கம் பிளேட்டில் சரியாக ஒட்டாது. ஆனால் பி.எச்சை மட்டும் நம்பாதீர்கள். கான்சென்ட்ரேட்டில் (கலக்கும் முன் உள்ள ஃபவுண்டன் கெமிக்கல்) பி.எச்சை மாறாமல் பிடிக்கும் பஃபர் இருப்பதால் அளவு 2 சதவீதமானாலும் 4 சதவீதமானாலும் மீட்டர் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டும். கண்டக்டிவிட்டிதான் (மின்கடத்துத் திறன்) உண்மை சொல்லும். நீங்கள் பயன்படுத்தும் அதே தண்ணீரை ஒரு லிட்டர் எடுத்து, கான்சென்ட்ரேட் 10 மில்லியாகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் அளந்து எழுதி வையுங்கள், 40 மில்லி வரை. வெறும் தண்ணீர் 300 மைக்ரோசீமன்ஸ், 3 சதவீதத்தில் 1300 என்று வந்தால், புதிதாகக் கலக்கிய டேங்க் 1300-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஒரு வாரம் கழித்து அதுவே 2000 காட்டினால் காகிதமும் மையும் சேர்த்த அழுக்கு அந்த 700. டேங்கைக் காலிசெய்து கழுவி, புதிதாக நிரப்புங்கள். ஆல்கஹால் சேர்ந்தால் கண்டக்டிவிட்டி குறைந்து காட்டும், எனவே ஆல்கஹால் இல்லாத எண்ணோடு ஆல்கஹால் கலந்த எண்ணை ஒப்பிடாதீர்கள்.

தண்ணீரின் கடினம் 8 முதல் 12 ஜெர்மன் டிகிரி, அதாவது கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் 140 முதல் 215 பி.பி.எம், வசதியான அளவு. அதைவிடக் கடினமானால் ஆர்.ஓ. தண்ணீருக்குப் போகலாம். ஆனால் வெறும் ஆர்.ஓ. தண்ணீர் காகிதத்திலிருந்து கால்சியத்தை இன்னும் வேகமாக உறிஞ்சும். அதற்கென்றே உள்ள கான்சென்ட்ரேட் வேண்டும், அல்லது கடினத்தைத் திரும்பச் சேர்க்க வேண்டும்.

ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) 8 முதல் 10 சதவீதத்தில் நில்லுங்கள். தண்ணீர் விரிவதற்கு மட்டும் அது உதவவில்லை, தண்ணீரைச் சற்றுக் கெட்டியாக்கி ரோலரில் படலத்தைத் தடிக்கவும் செய்கிறது. 15-க்குப் போனால் மையைக் கரைக்கத் தொடங்கும், டின்ட் வரும். மிதவை ஹைட்ரோமீட்டரை நம்பி ஊற்றுவதுதான் பல இடங்களில் நடக்கும் தவறு. 20 டிகிரிக்கு அளவிட்ட மிதவை, 10 டிகிரித் தண்ணீரில் உயரமாக மிதந்து ஆல்கஹாலைக் குறைத்துக் காட்டும். கான்சென்ட்ரேட்டின் அடர்த்தியும் அதே பக்கம் இழுக்கும். நீங்கள் மேலும் மேலும் ஊற்றுவீர்கள். ஐ.பி.ஏ. தீப்பற்றும் புள்ளி சுமார் 12 டிகிரிதான் என்பதால், கேனைச் சூடு, தீப்பொறி உள்ள எந்த இடத்துக்கும் அருகில் வைக்கக் கூடாது.

டேம்பனிங்கைப் போலவே தோன்றும் வேறு சில கோளாறுகளும் உண்டு. இங்க் ஃபார்ம் ரோலர் பிளேட்டில் அதிகம் அழுத்தினால் தண்ணீர்ப் படலத்தைத் துடைத்து எடுத்துவிடும். பிளேட்டுக்கோ பிளாங்கெட்டுக்கோ அடியில் அதிகம் பேக்கிங் வைத்தால், கிரிப்பர் (தாளைப் பிடித்து இழுப்பது) ஓரத்தில் பிளேட் தேயும். படமே இல்லாத ஸோனில், மையின் அளவைத் திருத்தும் இங்க் கீ திறந்திருந்தால் அங்கே மை நகராமல் நின்று தண்ணீர் குடித்து ஊறிவிடும். அந்தக் கீகளை மூடுங்கள், அல்லது வெட்டிப்போகும் ஓரத்தில் மை எடுக்க ஒரு பட்டை வையுங்கள். மையில், அதை இளக்கும் ரெடியூசரைத் தாராளமாக ஊற்றிவிட்டுத் தண்ணீரைக் குறை சொல்வதும் நடப்பதுதான்.

உங்கள் நிலையில் நான் போகும் வரிசை இது: பிளேட் மாற்றிப் பார்த்தல், ஸ்பாஞ்ச், தட்டு வெப்பம், வறட்சிச் சோதனை, ஸ்ட்ரைப், கால்சியம் கழுவல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இவ்வளவும் சரியாகி, மெதுவாக ஓடும்போது மட்டும் கலர் வெளுத்து, வேகத்தில் மட்டும் மை பிடித்தால், ரோலரை விட்டுவிட்டு, வேகத்துக்கேற்பத் தண்ணீரைக் கூட்டிக் குறைக்கும் ஈடுசெய்யும் வளைவைக் கன்ட்ரோலில் திறந்து, மணிக்கு 4000, 8000, 12000 தாள் என மூன்று வேகத்திலும் வறட்சி எண்ணை எடுத்து அதைத் திருத்துங்கள்.