தியோத்திவாகான் பயணம்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: மெக்சிகோவின் பழைய பிரமிடு நகரமான தியோத்திவாகானுக்கு, டூர் எதுவும் எடுக்காமல் மெக்சிகோ சிட்டியிலிருந்து நாங்களே போய் வர முடியுமா?

பதில்: தாராளமாக. சுமார் 50 கிலோமீட்டர்தான். நகரின் வடக்குப் பேருந்து நிலையத்தில் 'பிராமிதெஸ்' (ஸ்பானிய மொழியில் பிரமிடுகள்) என்று கேட்டால் பஸ்ஸைக் காட்டிவிடுவார்கள். காலை 8 மணிக்குத் திறந்ததுமே உள்ளே போய்விடுங்கள். ஞாயிறு வேண்டாம், அந்நாட்டு மக்களுக்கு அன்று இலவசம், கூட்டம் தாங்காது.

கேள்வி: அண்ணா, இது பழைய மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக் மக்கள் கட்டியதுதானே?

பதில்: இல்லை தம்பி. இந்த நகரம் 6ஆம் நூற்றாண்டு வாக்கிலேயே தீக்கு இரையாகிச் சரிந்துவிட்டது. அஸ்டெக்குகள் பல நூற்றாண்டுகள் கழித்து வந்து பார்த்தது இடிபாடுகளைத்தான். ஒரு லட்சம் பேருக்கு மேல் வாழ்ந்த ஊர். ஆனாலும் அவர்கள் என்ன மொழி பேசினார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

கேள்வி: சூரியப் பிரமிடில் ஏற விடுவதில்லையாமே? அப்புறம் எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும்?

பதில்: 2020இல் கொரோனா காலத்தில் ஏறுவதை நிறுத்தினார்கள். சந்திரப் பிரமிடில் மட்டும் 2025இல் ஒரு பகுதி வரை மறுபடி அனுமதித்தார்கள். போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஏறுவதற்காக மட்டும் போகாதீர்கள். சூரியப் பிரமிடுக்குக் கிழக்கே தெபந்தித்லா என்ற பழைய குடியிருப்பு இருக்கிறது. பாதிப் பேர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, எனக்கு அதுதான் ஆற்றாமை! சிவந்த சுவரில் ஓவியமாக விரல் நீளத்துக்குக் குட்டி மனிதர்கள். ஒருவன் வண்ணத்துப்பூச்சியைத் துரத்துகிறான், சிலர் பந்தாடுகிறார்கள். வாயிலிருந்து சுருள் சுருளாகக் கிளம்புவது அவர்களுடைய பேச்சு. பிரமிடு அந்த ஊரின் அதிகாரத்தைக் காட்டும். மனிதர்களைப் பார்க்க இங்கேதான் வர வேண்டும்.

கேள்வி: பிரமிடு முழுக்கப் பழைய கட்டுமானமா, புதுப்பித்ததா?

பதில்: நல்ல கேள்வி. 1905 முதல் 1910 வரை லெயோபோல்டோ பாத்ரெஸ் என்ற தொல்லியலாளர் சூரியப் பிரமிடைத் தோண்டிச் சீரமைத்தபோது வெளிப்புறத்தையே மீட்டர் கணக்கில் பெயர்த்துவிட்டார். இன்று நாம் பார்க்கும் வடிவம் பழைய வடிவம் அல்ல. மற்ற இடங்களில் சுவரருகே போய்க் கற்களுக்கு இடையே உள்ள காரையைப் பாருங்கள். பொடிக் கற்கள் வரிசையாகப் பதித்திருந்தால் பெரும்பாலும் அது இக்காலத்தில் சீரமைத்துக் கட்டிய பகுதி.

கேள்வி: அம்மாவுக்கு மூட்டு வலி. சமாளிப்பாரா?

பதில்: நகரின் நடுவே ஓடும் பெரிய தெருவான இறந்தோர் வீதியின் தென்பாதியில் குறுக்கே மேடைகள் வரும், படி ஏறி இறங்கியே ஆக வேண்டும், சகோதரி. அதனால் அம்மாவை 3ஆம் வாசல் வழியாகச் சந்திரப் பிரமிடுப் பக்கம் அழைத்துப் போங்கள். 2,300 மீட்டர் உயரம், சீக்கிரம் மூச்சு வாங்கும். நிழலும் குறைவு, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம்.