முகாமைத்துவ பீடமா, பொருளியல் துறையா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

உயர்தர வணிகப் பிரிவில் சித்தியடைந்துள்ளேன். எந்தப் பட்டத்துக்கு மதிப்புக் கூட? (ஒட்டுசுட்டான்)

மதிப்பை விடுங்கள், பாடங்களைப் பாருங்கள். காலபோக அறுவடை வந்ததும் நெல் விலை ஏன் விழுகிறது என்பது பொருளியல் கேள்வி. கிலோ 100 ரூபாய்க்கு நெல் வாங்கும் ஆலைக்காரர், 15 வீத வட்டிக் கடனில் மூன்று மாதம் வைத்திருந்தால் வட்டியே கிட்டத்தட்ட 4 ரூபாய். காய்ந்து குறையும் நிறையும் சேர்ந்தால் என்ன மிஞ்சும் என்பது முகாமைத்துவக் கேள்வி. எந்தக் கேள்வியோடு நான்கு வருடம் இருக்க முடியுமோ அதை எடுங்கள்.

சாதாரண தரத்தில் கணிதம் 'சி'. பொருளியல் சரிவருமா? (பூநகரி)

சரிவரும், ஆனால் இப்போதே தொடங்க வேண்டும். ஒரு சோதனை: கேள்வி (அதாவது, மக்கள் வாங்க விரும்பும் அளவு) = 100 − 2 × விலை. விலை 20 என்றால் கேள்வி 60, நெகிழ்ச்சி (விலை ஒரு வீதம் ஏறினால் கேள்வி எத்தனை வீதம் குறையும் என்பது) ஏறக்குறைய 0.7. இது எப்படி வந்தது என்று தாளில் போட்டுக் காட்ட முடியாவிட்டால் வகையீட்டை முதலில் படியுங்கள். கோட்பாட்டை மனப்பாடம் செய்து வந்தவர்கள் தரவையும் புள்ளிவிபரத்தையும் வைத்துக் கணிக்கும் பொருளியல் அளவையியலில்தான் விழுகிறார்கள்.

எனக்கு எந்தக் கம்பஸ் கிடைக்கும்? (செட்டிகுளம்)

உங்கள் கடிதத்தில் இசட் புள்ளி (பல்கலைக்கழக அனுமதிக்கான உயர்தரப் புள்ளி) இல்லை, தோற்றிய ஆண்டும் இல்லை. இவை இல்லாமல் எழுதாதீர்கள். முகாமைத்துவத்துக்கான இடங்களில் அகில இலங்கைத் திறமைக்கு 40 வீதம், மாவட்டம் 55, பின்தங்கிய மாவட்டங்கள் 5. வன்னி மாவட்டங்கள் அந்த 5 வீதத்துக்குள்ளும் வரும். போன வருட வெட்டுப்புள்ளி இந்த வருடத்துக்கு உத்தரவாதம் அல்ல. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூலைப் படியுங்கள்.

பதினெட்டு மாதத்தில் வணிக முகாமைத்துவப் பட்டம் என்று ஒரு நிறுவனம் துண்டுப்பிரசுரம் தந்தது. முற்பணம் கட்டலாமா? (நெடுங்கேணி)

கட்டாதீர்கள். இந்தக் கடிதம் எத்தனையாவது தடவை வருகிறதோ தெரியவில்லை; ஒவ்வொரு தடவையும் காணியை ஈடு வைத்த ஒரு குடும்பம் அதன் பின்னால் நிற்கிறது. கணக்கைப் பாருங்கள். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் பொதுப் பட்டத்துக்கே 90 திறமைப்புள்ளி (கிரெடிட்) வேண்டும். ஒன்றுக்கு 50 மணித்தியாலப் படிப்பு, ஆக 4500 மணித்தியாலம். அதைப் பதினெட்டு மாதத்துக்குள் அடக்கினால் விடுமுறை இல்லாமல் வாரத்துக்கு 58 மணித்தியாலம். அந்தத் துண்டில் எழுதியிருப்பதோ சனி, ஞாயிறு வகுப்பு!

மூன்றைக் கேளுங்கள். பட்டத்தை வழங்குவது யார்? உள்நாட்டு நிறுவனம் என்றால், பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் அந்தக் குறித்த பட்டத்துக்கு அங்கீகாரம் இருக்கிறதா? வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால், அதை ஆணைக்குழு ஏற்கிறதா? கம்பனியாகப் பதிவு செய்த சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பார்கள். கடைக்காரரும் அதை எடுக்கலாம், பட்டத்துக்கு அது அங்கீகாரம் ஆகாது. பதிலை எழுத்தில் வாங்குங்கள். "விண்ணப்பித்திருக்கிறோம்" என்றால் "இல்லை" என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் கலந்த படிப்பு உண்டா? (மாங்குளம்)

உண்டு, வீட்டுக்கருகிலேயே. பம்பைமடுவிலுள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்தின் வியாபாரக் கற்கைகள் பீடத்தில் வணிகப் பொருளியல் துறை இருக்கிறது. 2021 வரை அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகம். விருப்பத் தெரிவில் அதைப் பின்னுக்கு எழுதிவிட்டு, கிடைக்கவில்லை என்று வருந்துவோர் உண்டு. கைந்நூலைப் படித்து, உண்மையாக வேண்டியதை மேலே எழுதுங்கள்.

ஆங்கிலத்தைப் போன பிறகு பார்க்கலாம்தானே? (முழங்காவில்)

கூடாது. முகாமைத்துவ விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும். கணக்கீட்டில் 'ஏ' எடுத்தவர்களும் முதல் அரையாண்டில் தடுமாறுவது வினாத்தாளை வாசிக்கும் இடத்தில்தான். பெறுபேறு வரும்வரை கிடைக்கும் மாதங்களில் கணக்கீட்டு ஆங்கில நூல் ஒன்றை நாளுக்கு நான்கு பக்கம் வாசியுங்கள்.