ஒரே சொல்லுக்கு இரண்டு கேரக்டர் ஸ்டைல் தேவைப்பட்டால் என்ன செய்வது?

இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், நூற்பெயருக்குச் சாய்வெழுத்து, கலைச்சொல்லுக்குத் தடித்த எழுத்து என்று இரண்டு கேரக்டர் ஸ்டைல் (தேர்ந்தெடுத்த எழுத்துகளுக்கு மட்டும் போடும், பெயரிட்ட வடிவமைப்பு) வைத்திருக்கிறீர்கள். நூற்பெயருக்குள்ளேயே ஒரு கலைச்சொல் வரும்போது, இரண்டாவதைப் போட்டால் முதலாவது போய்விடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இன்டிசைனில் அது அப்படித்தான். ஓர் எழுத்தின்மேல் கையால் ஒரு கேரக்டர் ஸ்டைலைத்தான் போட முடியும். புதியது வந்தால் பழையது கழன்றுவிடும்.

உங்கள் பிரச்சினைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, பலரும் அதைக் கவனிப்பதில்லை. இன்டிசைனில் தடிப்பும் சாய்வும் தனித்தனி குணங்கள் இல்லை. ‘ஃபான்ட் ஸ்டைல்’ என்ற ஒரே கட்டத்தில்தான் போல்ட், இட்டாலிக், போல்ட் இட்டாலிக் எல்லாமே இருக்கின்றன. ஒரு கட்டத்தில் ஒரு மதிப்புதான் இருக்க முடியும் என்பதால், எந்த வழியில் அடுக்கினாலும் போல்டும் இட்டாலிக்கும் தாமாகச் சேராது. எனவே மூன்றாவதாக ‘நூற்பெயர் - கலைச்சொல்’ என்று ஒரு ஸ்டைலை உருவாக்கி, அதில் போல்ட் இட்டாலிக் கொடுத்துவிடுங்கள். ‘பேஸ்டு ஆன்’ இடத்தில் ஒரு தாய் ஸ்டைலைத்தான் காட்ட முடியும். இரண்டில் எது பின்னால் அதிகம் மாறும் என்று தோன்றுகிறதோ அதைக் காட்டுங்கள்; மற்றது மாறினால் இதையும் கையால் திருத்த வேண்டியிருக்கும்.

இப்படியே எல்லாவற்றுக்கும் கூட்டு ஸ்டைல் செய்துகொண்டு போகக் கூடாது. மூன்று குணங்களுக்கு 7 ஸ்டைல், நான்குக்கு 15 என்று பட்டியல் பெருகிவிடும். நிறம், கீழ்க்குறி, மொழி, வரி உடையாமை போல வேறு கட்டங்களில் இருப்பவற்றைப் பத்தி ஸ்டைலுக்குள் க்ரெப் ஸ்டைலாக (குறிப்பிட்ட எழுத்து அமைப்பு வரும் இடத்திலெல்லாம் ஒரு கேரக்டர் ஸ்டைலைத் தானாகப் போடும் விதியாக) வைப்பதே நல்லது. கையால் போட்ட கேரக்டர் ஸ்டைல் இதை அழிப்பதில்லை, இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும். எடுத்துக்காட்டாக, கார்பன் டை ஆக்சைடு வாய்பாட்டில் (CO₂) உள்ள 2 என்ற எண் நூற்பெயருக்குள் வந்தாலும், கீழ்க்குறி க்ரெப்பிலிருந்தும் சாய்வு கையால் போட்ட ஸ்டைலிலிருந்தும் வந்துவிடும். தமிழ்ப் பத்தியில் வரும் ஆங்கில எழுத்துகளுக்கு வேறு எழுத்துரு கொடுக்கவும் நான் இதைத்தான் நம்புகிறேன். இரண்டும் ஒரே குணத்தைத் தொட்டால் கையால் போட்டதே வெல்லும். க்ரெப் ஸ்டைல்கள் தங்களுக்குள் மோதினால் பட்டியலில் கீழே இருப்பது வெல்லும்.

இதெல்லாம் நடக்க ஒரு நிபந்தனை உண்டு. ஒவ்வொரு கேரக்டர் ஸ்டைலிலும் தேவையான குணத்தை மட்டும் நிரப்புங்கள், மற்ற கட்டங்கள் காலியாகவே இருக்கட்டும். நூற்பெயர் ஸ்டைலில் எழுத்துரு, அளவு, நிறம் எல்லாம் நிரப்பியிருந்தால், அது தலைப்பிலும் அடிக்குறிப்பிலும் பத்தியின் அளவை மதிக்காது, க்ரெப் தரும் நிறத்தையும் மூடிவிடும். டிக் கட்டங்களில் ஆன், ஆஃப் தவிர ‘தொடாதே’ என்ற மூன்றாவது நிலையும் உண்டு. ஆஃப் என்பதும் ஒரு கட்டளைதான், அதனால் அங்கே இந்த மூன்றாவது நிலையே வேண்டும்.

சரி, ஏற்கெனவே முடித்த பக்கங்களை என்ன செய்வது? ஃபைண்ட்/சேஞ்சில் கலைச்சொல்லைத் தேடும் சொல்லாகவும், நூற்பெயர் ஸ்டைலைத் தேடும் வடிவமாகவும் வைத்து, மாற்றும் வடிவமாகக் கூட்டு ஸ்டைலைக் கொடுங்கள். அவசரத்துக்கு போல்டை நேரடியாகப் போடாதீர்கள். ஸ்டைல் பெயருக்கு அருகில் + குறி வரும். பின்னால் யாராவது ஓவர்ரைடுகளை (ஸ்டைலுக்கு மேல் நேரடியாகப் போட்ட மாற்றங்களை) நீக்கினால் அந்தத் தடிப்பும் சத்தமில்லாமல் போய்விடும்.

அப்புறம், பல தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவமே கிடையாது. இன்டிசைன் அதைத் தானாகச் சாய்த்துத் தராது, விடுபட்ட எழுத்துரு என்று இளஞ்சிவப்பில் காட்டும். அந்த மாதிரி எழுத்துரு என்றால் நூற்பெயருக்கு நிறத்தையோ ஒற்றை மேற்கோளையோ தேர்ந்தெடுங்கள். நிறம் தனிக் கட்டம் என்பதால் உங்கள் மோதலும் அங்கே பாதி தீர்ந்துவிடும்.

கோப்பு வேர்டிலிருந்து வருகிறதென்றால் இதையும் பாருங்கள். வேர்டில் தடிப்பும் சாய்வும் தனித்தனி, ஆனால் மாற்றுவிசை போல நடந்துகொள்ளும். பத்தி ஸ்டைலும் போல்ட், கேரக்டர் ஸ்டைலும் போல்ட் என்றால் அந்தச் சொல் சாதாரண எழுத்தாகிவிடும். தடித்த தலைப்புக்குள் வரும் கலைச்சொற்களை இறக்குமதிக்குப் பிறகு ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.