பூஞ்சணம் பிடிச்ச புண்ணாக்கும் பாலும்

தம்பி, மாரி ஈரத்தில பூஞ்சணம் பிடிச்ச தேங்காய்ப் புண்ணாக்கை வெயிலில காயவிட்டு மாட்டுக்கு வைக்கலாமோ, பாலைக் காய்ச்சினால் சரிதானே எண்டு கேட்டிருக்கிறீங்கள். வைக்காதேங்கோ. வெயில் ஈரத்தை எடுக்கும்; பூஞ்சணம் விட்ட அஃப்ளாடொக்சின் எண்ட நஞ்சு முழுசாப் போகாது. மாட்டின்ர ஈரல் அதை எம்1 எண்ட வடிவமா மாத்தும், 24 மணித்தியாலத்துக்குள்ள பாலில வந்திடும். தின்ட நஞ்சில நூற்றுக்கு ஒண்டு ரெண்டு பங்குதான் அப்பிடி வரும். நல்லாக் கறக்கிற மாடெண்டால் 6 வரை போகும். காய்ச்சினாலும் தயிராக்கினாலும் அது அழியாது. ஐரோப்பாவில ஒரு கிலோ பாலுக்கு 0.05 மைக்ரோகிராம்தான் உச்ச அளவு.

எங்கட கொட்டிலிலயும் ஒருக்கா அடிச்சாக்கு பச்சையாக் கட்டிபட்டது. காசை நினைச்சு மனம் வரேல்லை, எண்டாலும் தாட்டனான். ஏற்கெனவே வைச்சிட்டீங்களெண்டால் இப்பவே நிப்பாட்டுங்கோ, மூண்டு நாலு நாளில பால் தெளியும். அதுவரைக்கும் பிள்ளையளுக்குக் குடுக்காதேங்கோ. சாக்கைச் சீமெந்து நிலத்தில வையாமல் பலகையில தூக்கி வையுங்கோ.